மாஸ்டரிங்: நானே செய்வதா, தளத்தில் போடுவதா, ஆளிடம் கொடுப்பதா?

மாதத்துக்கு இரண்டு முறையாவது இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கேட்பவர்கள் இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பண்டாரவளைப் பக்கத்து இளசுகள். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் அறையிலோ அண்ணன் கட்டிய புது வீட்டின் பின்னறையிலோ ஒரு லெப்டொப்பும் மைக்கும் வைத்துக்கொண்டு பாட்டுச் செய்கிறவர்கள். "அண்ணே, மிக்ஸ் முடிஞ்சிருச்சு. மாஸ்டரிங்க நானே பண்ணிரவா, நெட்டுல போட்டு எடுக்கவா, இல்ல கொழும்புக்கு அனுப்பவா?"

"பாட்டு எங்க ஓடப் போவுது தம்பி?" என்று நான் திருப்பிக் கேட்பேன். முதலில் யூடியூப் என்பார்கள். கொஞ்சம் யோசித்தால் கோயில் திருவிழா வரும், ரேடியோ வரும், பஸ்காரருக்குக் கொடுக்கும் பென்டிரைவ் வரும். எந்த வழி சரி என்பது பெரும்பாலும் அந்தப் பட்டியலிலேயே இருக்கும். எந்த மென்பொருள் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

## முதலில், மாஸ்டரிங்கால் எது ஆகும், எது ஆகாது

குரல், கீபோர்டு, தப்பு (பறை), பேஸ் என்று தனித்தனியாக இருக்கும் டிராக்குகளைச் சேர்த்து ஒரே ஸ்டீரியோக் கோப்பாக்குவது மிக்ஸ். அந்த ஒரு கோப்பின் மேல் நடக்கும் கடைசி வேலை மாஸ்டரிங். மொத்த ஒலிச் சமனைப் பார்ப்பது, ஏற்ற இறக்கத்தைக் கொஞ்சம் கட்டுவது, சத்தத்தைத் தேவையான அளவுக்குக் கொண்டுவருவது, பல பாட்டுகள் இருந்தால் ஒன்றோடொன்று ஒத்துப்போகச் செய்வது, கடைசியில் சரியான வடிவில் கோப்பை எழுதிக் கொடுப்பது. இவ்வளவுதான்.

குரல் உள்ளே அமுங்கிவிட்டது, பேஸ் (தாழ்ந்த ஒலி) எங்கேயோ தொலைந்துவிட்டது என்பதெல்லாம் மிக்ஸ் பிரச்சினை. முற்றின தேயிலையைப் பறித்துக் கொடுத்துவிட்டு ஃபெக்டரியில் நல்ல தூள் கேட்டால் என்ன நடக்குமோ அதுதான் இங்கேயும் நடக்கும். இன்னொன்று நம் பக்கத்துக்கே உரியது. தப்பைத் தீயில் காய்ச்சி எடுத்துத்தான் அடிக்கிறோம். பனி இறங்கிய சாயங்காலத்தில் பதிவு செய்தால் பத்து நிமிடத்துக்குள் தோல் தளர ஆரம்பித்துவிடும். முதல் சரணத்தில் கணீரென்று இருந்த அடி மூன்றாவது சரணத்தில் பொத்பொத்தென்று விழும். இதை எந்த மாஸ்டரிங்காலும் நேராக்க முடியாது. ஒவ்வொரு டேக்குக்கும் முன் மறுபடி காய்ச்ச வேண்டியதுதான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் ஐந்து விஷயம் பார்ப்பேன்.

எங்கே கேட்கப்படும். சத்த அளவை லஃப்ஸ் (LUFS) என்ற அலகில் அளக்கிறார்கள். எண் பூச்சியத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடுதல். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் வெளியிட்ட பிஎஸ்.1770 என்ற தரம்தான் அதற்கு அடிப்படை. ஸ்பொட்டிஃபை பாட்டுகளை வழக்கமாக -14 லஃப்ஸுக்குச் சமப்படுத்தி ஒலிக்கவிடும். அப்பிள் மியூசிக்கில் அது -16. யூடியூப் சத்தமான பாட்டைக் குறைக்கும், மெல்லிய பாட்டை ஏற்றாது. ஆக, கஷ்டப்பட்டு -8 லஃப்ஸுக்கு நசுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஸ்பொட்டிஃபை அதை 6 டெசிபெல் இறக்கிவிடும். நசுங்கினது மட்டும் மிச்சம்.

ரேடியோ வேறு கதை. எஃப்எம் நிலையங்கள் எல்லாப் பாட்டையும் ஏற்ற இறக்கத்தைக் கட்டும் கம்ப்ரெசர், உச்சங்களை வெட்டும் லிமிட்டர் என்ற தங்கள் சொந்தக் கருவிகள் வழியாகத்தான் அனுப்புகின்றன. அதோடு எஃப்எம்மில் மேல் அதிர்வெண்களை ஒலிபரப்புக்கு முன் கூட்டி, ரேடியோப் பெட்டியில் திரும்பக் குறைப்பார்கள். "ஸ்" சத்தம் கூர்மையாக இருக்கும் குரல் அங்கே போய் மாட்டிக்கொள்ளும். ஹெட்போனில் பளபளப்பாகக் கேட்ட பாட்டு ரேடியோவில் சீறுவதற்கு இது ஒரு காரணம்.

கோயில் குழாய் ஸ்பீக்கர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் சில நூறு ஹேர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் வராது. முக்கியமாக, அது மோனோ, அதாவது இடது, வலது இரண்டையும் கலந்து ஒரே ஒலியாகத் தரும். சில வருஷத்துக்கு முன் ஒரு பக்திப் பாட்டை நானே மாஸ்டர் செய்தேன். அகலமாகக் கேட்கட்டும் என்று ஒரு ஸ்டீரியோ வைடனரைப் போட்டு நன்றாக இழுத்துவிட்டேன். ஹெட்போனில் தேர் வீதி மாதிரி விரிந்தது. திருவிழா அன்று குழாய் ஸ்பீக்கரில் போட்டார்கள். கோயில் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "பாட்டு நல்லாருக்கு தம்பி. ஆனா பொட்டிச் சத்தத்தக் காணோமே?" என்றார். உண்மைதான், ஆர்மோனியம் இல்லை. இடது பக்க அலையும் வலது பக்க அலையும் எதிரெதிராக இருந்ததால், மோனோவில் சேர்ந்ததும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. தவறு முழுக்க என்னுடையது. மோனோ பட்டனை ஒரு தடவை தட்டிக் கேட்டிருந்தால் பத்து விநாடியில் தெரிந்திருக்கும்.

யாருடைய காது, யாருடைய அறை. இதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். என் கணக்கில் இதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம்.

முழுச் செலவு. விலைப்பட்டியலில் இருக்கும் தொகையோடு டொலர் ஏற்றம், டேட்டா, பயணம், மறுதிருத்தம், வீணான இரவுகள் எல்லாம் சேர்ந்தது.

திருத்தம். "குரலைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவாங்க" என்று சொன்னால் யார் கேட்பார்கள், எத்தனை தடவை கேட்பார்கள்?

எத்தனை பாட்டு. வாழ்நாளில் ஒரு பாட்டா, மாதம் ஒன்றா, எட்டுப் பாட்டுத் தொகுப்பா? ஆளுக்கு ஆள் விடை மாறுவது இங்கேதான்.

## வழி 1: நானே, என் மென்பொருளில்

பணம்தான் முதல் தடை என்று நினைப்பார்கள். உண்மையில் மலிவான பகுதி மென்பொருள்தான். ரீப்பர் என்ற பாட்டுப் பதிவு மென்பொருள் 60 நாள் முழுமையாக இயங்கும் சோதனைப் பதிப்பாகக் கிடைக்கிறது. தனிப்பட்ட, சிறு வருமானக்காரர்களுக்கான உரிமம் 60 டொலர், வணிக உரிமம் 225 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 60 டொலர் 18,000 ரூபா. 2024இல் தோட்டத்துக்கு நிர்ணயித்த 1,350 ரூபா நாட்கூலியில் கணக்குப் போட்டால் பதின்மூன்று நாள் கொழுந்து. அம்மா பறிக்கும் கொழுந்தில் வாங்கப் போகிறோம் என்றால் அது சின்னத் தொகை இல்லை. ஆனால் ஒரே தடவைதான் கொடுக்கிறோம், மாதாமாதம் இல்லை.

ரீப்பருடன் வரும் ரியாஈக்யூ, ரியாகம்ப், ரியாலிமிட் ஆகிய பிளக்-இன்களே (மென்பொருளுக்குள் ஓடும் சிறு கருவிகள்) ஒரு மாஸ்டருக்குப் போதும். கோப்பை எழுதும் பெட்டியிலேயே லஃப்ஸ் அளவும் தெரியும். வேண்டுமானால் டிடிஆர் நோவா என்ற ஈக்யூவையும் (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைப்பது) யூலீன் சத்த அளவுமானியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. எஃப்எல் ஸ்டூடியோவில் பாட்டுச் செய்கிறவர் அங்கேயே மாஸ்டரும் செய்யலாம். மென்பொருளை மாற்றினால் ஒலி மாறும் என்பது டீக்கடைப் பேச்சு.

பிரச்சினை அறையில் ஆரம்பிக்கிறது. பழைய லயத்து அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே, சுவர் இடைவெளியைப் போல இரண்டு மடங்கு நீளமான ஒலியலை சிக்கிக்கொண்டு எதிரொலிக்கும். பன்னிரண்டு அடிக்கு அது கிட்டத்தட்ட 47 ஹேர்ட்ஸ், பத்து அடிக்கு 56. பேஸ் கிட்டாரின் தாழ்ந்த ஏ சுரம் 55 ஹேர்ட்ஸ். அதாவது அந்த ஒரு சுரம் வரும்போதெல்லாம் அறை தானாகவே முழங்கும். நாம் பாட்டில்தான் கோளாறு என்று நினைத்து அந்த இடத்தை ஈக்யூவில் வெட்டுவோம். வேறு எங்கே போட்டாலும் பேஸில் ஓட்டை விழுந்திருக்கும். நாற்காலியை இரண்டு அடி பின்னால் தள்ளினால் அதே சுரம் காணாமல் போகும், அப்போது ஏற்றுவோம். சுவரில் கம்பளி தொங்கவிட்டேன் என்பார்கள். குளிருக்கு நல்லது. கம்பளி மேல் அதிர்வெண்களைத் தின்னும், ஏழு மீற்றர் நீளமான பேஸ் அலையை ஒன்றும் செய்யாது.

இரண்டாவது கோளாறு பக்கத்து வீடு. லயத்தில் ஒரு சுவர்தான் இடைவெளி. அந்தப் பக்கம் காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவர்கள் தூங்குவார்கள். அதனால் நம் பிள்ளைகள் இரவு பதினொரு மணிக்குச் சத்தத்தை மிகக் குறைத்து வைத்து மாஸ்டர் செய்கிறார்கள். மெல்லிய சத்தத்தில் மனிதக் காதுக்குப் பேஸ் குறைவாகத்தான் கேட்கும். ஃப்ளெச்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். பேஸ் போதவில்லை என்று ஏற்றி, இன்னும் கொஞ்சம் ஏற்றி, காலையில் அதை எடுத்துக்கொண்டு போய்த் திரீவீலரில் போட்டால் வண்டியின் கதவு நடுங்கும்.

சரி, ஹெட்போனில் செய்யலாமே என்றால், செய்யலாம். பின்னறை ஸ்பீக்கரை விட ஒரு நல்ல ஹெட்போன் மேல் என்பது என் கட்சி. சோனி எம்டிஆர்-7506, ஓடியோ-டெக்னிக்கா எம்50எக்ஸ் போன்றவை உலகம் முழுக்க ஸ்டூடியோக்களில் புழங்குகின்றன. விலையுயர்ந்தது என்பதை விட, பழகியது என்பதுதான் முக்கியம். ஒரே ஹெட்போனில் மூன்று மாதம் நல்ல பாட்டுகளைக் கேட்டால், எது கூடுதல் எது குறைவு என்று காதுக்குப் பிடிபடும். போனோடு வந்த இயர்போனில் மட்டும் மாஸ்டர் செய்யாதீர்கள்.

மறைந்த செலவுகள்: மழை நாளில் தகரக் கூரையின் கீழ் ஒரு வேலையும் ஓடாது. சேமிப்பதற்குள் கரண்ட் போகும், பழைய லெப்டொப் பேட்டரி பத்து நிமிடம் தாங்காது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் வெட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்புறம் திருட்டு பிளக்-இன். இலவசம் என்று இறக்கினவர் வைரஸோடு சேர்த்து இறக்கி, மூன்று வருஷப் பாட்டுக் கோப்புகளை இழந்த கதை எனக்கு நேரில் தெரியும். எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு, இருநூறு தடவை கேட்ட பாட்டை நாமே எடைபோடுவது. காது பழகிவிடும். குறை கண்ணுக்கு முன்னால் இருந்தாலும் தெரியாது.

இந்த வழி யாருக்கு? மாதம் ஒரு பாட்டாவது போடுகிறவருக்கு. ஒன்றிரண்டு வருஷம் கெட்ட மாஸ்டர்களைச் செய்யத் தயாராக இருப்பவருக்கு. முதல் பத்து மோசமாகத்தான் வரும். என்னுடையது இருபது வரை வந்தது.

## வழி 2: தானியங்கி

இதில் இரண்டு வகை. ஒன்று இணையத் தளம். பாட்டை ஏற்றினால் சில நிமிடத்தில் மாஸ்டர் செய்து தரும். கனடாவின் மொன்ட்ரியாலில் இருந்து 2014இல் வந்த லேண்டர் இதில் முன்னோடி. பேண்ட்லேப் சில தெரிவுகளை இலவசமாகவே தருகிறது. மற்றது நம் கணினியிலேயே ஓடுவது. ஐசோடோப்பின் ஓசோனில் 2017இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்து ஓர் உதவியாளர் இருக்கிறது. பாட்டைக் கேட்டுவிட்டு, ஆரம்ப அமைப்பொன்றைப் போட்டுத் தரும். அதற்குப் பிறகு நாம் திருத்தலாம். இரண்டில் எனக்குப் பிடித்தது இதுதான். ஏன் அப்படிச் செய்தது என்று ஈக்யூ வளைவைப் பார்த்தாலே தெரியும், அதுவே ஒரு பாடம். நவம்பர் கடைசித் தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்குங்கள், முழு விலைக்கு வாங்காதீர்கள்.

இணையத் தளத்தின் பலம் வேகம். நாளைக் காலை ஏழு மணிக்குக் கலை விழா, இரவு ஒன்பது மணிக்கு மிக்ஸ் முடிகிறது என்றால் வேறு வழியே இல்லை. கீபோர்டு, ட்ரம் மெஷின், ஒரு குரல் என்ற அமைப்பில் இருக்கும் பாட்டுகளுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ராப் செய்யும் தம்பிகள் பலர் இதோடு திருப்தியாக இருக்கிறார்கள். அவர்களோடு நான் சண்டை போடுவதில்லை.

தப்பு, உறுமி, உடுக்கு வரும் பாட்டுகளில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. மாசி மாதக் காமன் கூத்துத் தப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த அடிக்குச்சி விழும்போது வருவது கனம். மெல்லிய சிண்டுக்குச்சி விழும்போது வருவது ஒரு கண நேரக் கூர்மை, சாட்டை சொடுக்கியது மாதிரி. லிமிட்டருக்கு அந்தச் சொடுக்கு வெறும் உச்சப் புள்ளி. முதலில் வெட்டப்படுவது அதுதான். வெட்டினதும் பாட்டு மொத்தமாகச் சத்தம் கூடும், தப்பு தகர டப்பாவாகும். ஒரு தடவை விருத்தத்தில் ஆரம்பித்துத் தப்பு சேரும் பாட்டொன்றைத் தளத்தில் ஏற்றிப் பார்த்தேன். அடி விழும் இடத்தில் மயிர்க்கூச்செறிய வேண்டும். திரும்பி வந்ததில் விருத்தமும் அடியும் ஏறக்குறைய ஒரே சத்தத்தில் நடந்துபோயின. மென்மை, நடுத்தரம், அதிகம் என்று மூன்று தெரிவு இருந்தால் மென்மையைத் தெரிவு செய்யுங்கள், கொஞ்சம் காப்பாற்றலாம்.

மறைந்த செலவுகள்: முன்னோட்டம் கேட்பது இலவசம், நல்ல தரத்தில் இறக்கப் பணம் என்பது பொதுவான ஏற்பாடு. மாதச் சந்தாவை நிறுத்த மறந்தால் அது ஓடிக்கொண்டே இருக்கும். 2022இல் ரூபா சரிந்தபோது சந்தாவில் இருந்தவர்களுக்கு அது எப்படிக் கடித்தது என்று கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு உங்கள் வங்கி அட்டையைத் திறந்துவிட்டார்களா என்று முதலிலேயே விசாரியுங்கள். அப்புறம் டேட்டா. நான்கு நிமிடப் பாட்டு 24 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ் வேவ் கோப்பாக 60 எம்பிக்கு மேல் வரும். மிக்ஸை மூன்று தடவை மாற்றி ஏற்றினால் 200 எம்பி. மலை மடிப்பில் ஒரு கோடு சிக்னலில் அதை ஏற்றப் பொறுமை வேண்டும்.

தானியங்கிக்கு இன்னொரு நல்ல உபயோகம் உண்டு, யாரும் சொல்வதில்லை. அதை மிக்ஸ் பரிசோதகராக வையுங்கள். இலவச முன்னோட்டத்தைக் கேளுங்கள். சத்தம் கூட்டியதும் குரல் பின்னால் போகிறதா, "ஸ்" குத்துகிறதா? அப்படியென்றால் மிக்ஸில் அந்த விதை ஏற்கெனவே இருக்கிறது. போய்த் திருத்திவிட்டு வாருங்கள்.

## வழி 3: மிக்ஸ் செய்தவரே மாஸ்டரும்

நம் பக்கத்தில் அதிகம் நடப்பது இதுதான். டவுன் ஸ்டூடியோவில் பதிவு, மிக்ஸ், மாஸ்டர் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. வசதி, மலிவு, அலைச்சல் இல்லை. ஒரு குறை: மிக்ஸில் அவருடைய அறை பொய் சொல்லியிருந்தால் மாஸ்டரிலும் அதே பொய்யைத்தான் சொல்லும். திருவிழாப் பாட்டுக்கும் கல்யாணப் பாட்டுக்கும் இது போதும். இந்த வழியில் போகிறவர்கள் ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: மாஸ்டர் செய்யாத மிக்ஸின் 24 பிட் பிரதி. பலர் கேட்பதே இல்லை, ஸ்டூடியோவும் கேட்காமல் தராது.

## வழி 4: மாஸ்டரிங் செய்யும் ஆள்

கொழும்பு, சென்னை, அல்லது இணையம் வழியாக எந்த நாட்டிலிருந்தும். விலை ஆளுக்கு ஆள் மாறும். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் அங்கே வாங்குவது கருவிகளை இல்லை, அதே பிளக்-இன்கள் நம்மிடமும் இருக்கலாம். இரண்டாவது காதை வாங்குகிறோம், கூடவே பொய் சொல்லாத ஓர் அறையை.

என் பாட்டுகளில் முதன்முதலாக ஒன்றை இப்படிக் கொழும்புக்கு அனுப்பியபோது அடுத்த நாளே போன் வந்தது. "உங்க மிக்ஸ்ல மாஸ்டர் சேனல்ல லிமிட்டர் போட்டிருக்கீங்களா? எடுத்துட்டு அனுப்புங்க. குரலையும் அரை டெசிபெல் ஏத்துங்க." மாஸ்டர் சேனல் என்பது எல்லா டிராக்கும் வந்து சேரும் கடைசி வழி. இரண்டையும் செய்து அனுப்பினேன். பாட்டில் பாதி முன்னேற்றம் அந்த இரண்டு வாக்கியத்தில் வந்தது. தளங்கள் பெரும்பாலும் திருப்பி அனுப்பி மிக்ஸை மாற்றச் சொல்வதில்லை, கொடுத்ததை வாங்கிக்கொள்ளும்.

ஆபத்தும் உண்டு. தப்பு கேட்டுப் பழகாதவர் சிண்டுக்குச்சிச் சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடலாம். இது நடந்திருக்கிறது. அனுப்பும்போதே சொல்லிவிடுங்கள்: எந்த வாத்தியம் முன்னால் நிற்க வேண்டும், எந்த இடத்தில் பாட்டு எழ வேண்டும், பாட்டு எங்கே ஓடும். உங்கள் மனதில் இருக்கும் ஒலிக்கு உதாரணமாக ஒரு பாட்டையும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டு வரி போதும், கட்டுரை வேண்டாம்.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை: எத்தனை திருத்தம் இதே தொகைக்குள்? குரல் இல்லாத பிரதியும் சேர்த்தா? ரேடியோவுக்கும் இணையத்துக்கும் தனித்தனிக் கோப்பு வேண்டுமென்றால் கூடுதல் பணமா? எத்தனை நாள்? குரல் இல்லாத பிரதியைக் கடைசி நேரத்தில் கேட்டு, மறுபடி பணம் கட்டினவர்கள் நிறைய. மேடையில் பாட அது கட்டாயம் வேண்டும்.

நேரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கொழும்புக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. ஆசை புரிகிறது. ஆனால் ரயிலிலோ பஸ்ஸிலோ போக அரை நாள், வர அரை நாள், தங்கினால் அதற்கும் பணம். அதுவும் பயணக் களைப்போடு அறியாத அறையில் உட்கார்ந்தால் காது ஒன்றையும் சரியாகச் சொல்லாது. கோப்பை அனுப்பிவிட்டு வீட்டில் உங்கள் ஹெட்போனில் கேட்பதே நல்லது.

## பக்கத்தில் பக்கமாக

| | நானே | தானியங்கி | மிக்ஸ் செய்தவர் | தனி ஆள் |
|---|---|---|---|---|
| முதல் பாட்டுக்குச் செலவு | நடுத்தரம் (மென்பொருள், ஹெட்போன்) | குறைவு | மிக்ஸ் தொகைக்குள் | அதிகம் |
| முப்பதாவது பாட்டுக்குச் செலவு | கரண்டும் நேரமும் | சந்தா தொடரும் | ஒவ்வொன்றுக்கும் | ஒவ்வொன்றுக்கும் |
| எடுக்கும் நேரம் | இரவுகள் | நிமிடங்கள் | ஓரிரு நாள் | சில நாள் முதல் சில வாரம் |
| புதிய காது | இல்லை | காதே இல்லை | இல்லை | உண்டு |
| தப்பு, உறுமிப் பாட்டு | பழகினால் நன்று | கவனம் | பெரும்பாலும் சரி | சொல்லி அனுப்பினால் மிக நன்று |
| எட்டுப் பாட்டுத் தொகுப்பு | கடினம் | பாட்டுக்குப் பாட்டு ஒலி மாறலாம் | சமாளிக்கலாம் | இதற்கென்றே இருக்கிறார் |
| மறந்துபோகும் செலவு | பழகும் வருஷங்கள் | டொலர், டேட்டா | மிக்ஸ் பிரதி கையில் இல்லாமை | கூடுதல் பிரதிகள் |

## எனக்கு வந்த கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்

பூண்டுலோயாப் பக்கத்துத் தம்பி ஒருவர், முதல் பாட்டு, யூடியூப் மட்டும், கையில் பணம் இல்லை. பேண்ட்லேப்பில் போட்டு வெளியிடச் சொன்னேன். முதல் பாட்டுக்கு மாஸ்டரிங்கை விட இரண்டாவது பாட்டு முக்கியம்.

பதுளையில் ஒரு தங்கச்சி, சொந்தமாக எழுதிப் பாடுகிறவர், மாதம் ஒன்று போடுகிறார். ரீப்பரும் ஹெட்போனும் வாங்கச் சொன்னேன். தயங்கினார். மூன்று பாட்டை நீங்களே செய்யுங்கள், நான்காவதை மட்டும் ஆளிடம் கொடுத்து, உங்கள் மாஸ்டரையும் அவர் மாஸ்டரையும் ஒரே சத்தத்தில் வைத்து ஒப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். ஒரே சத்தத்தில் என்பதைக் கவனியுங்கள். ஒரு டெசிபெல் சத்தம் கூடினாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லும்.

ஒரு கோயில் குழு, எட்டு முருகன் பாட்டு, மூன்று பாடகர்கள், இரண்டு ஸ்டூடியோவில் பதிவு. இதற்கு யோசிக்கவே இல்லை, ஆளிடம்தான். எட்டும் ஒரே தொகுப்பு மாதிரிக் கேட்க வேண்டும். பாட்டுக்கு நடுவே எவ்வளவு மௌனம் என்பதைக் கூட ஒருவர் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். பணம் போதாது என்றார்கள். அட்டை வடிவமைப்புக்கு ஒதுக்கினதில் கை வையுங்கள் என்றேன். அது எடுபடவில்லை. கடைசியில் பாட்டுகளை ஆறாகக் குறைத்தார்கள்.

## எந்த வழியென்றாலும் கோப்பு இப்படி இருக்கட்டும்

மாஸ்டருக்குப் போகும் மிக்ஸ் 24 பிட் வேவ் ஆக இருக்க வேண்டும். எம்பி3 ஆக மாற்றி வாட்ஸ்அப்பில் தட்டிவிடாதீர்கள், டிரைவில் ஏற்றி இணைப்பை அனுப்புங்கள். மாஸ்டர் சேனலில் லிமிட்டர் வேண்டாம். உச்சம் -6 டெசிபெல்லில் நிற்க வேண்டும் என்று ஒரு விதி சுற்றுகிறது. கட்டாயம் இல்லை, 0ஐத் தொட்டு வெட்டுப்படாமல் இருந்தால் போதும். முன்னும் பின்னும் இரண்டு விநாடி மௌனம் விடுங்கள், எதிரொலியின் வாலை நறுக்காதீர்கள்.

மாஸ்டராகித் திரும்பி வருவதில் ட்ரூ பீக் (ஒலி உண்மையில் எட்டும் உச்சம்) -1 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. எம்பி3, ஏஏசி ஆக மாறும்போது உச்சங்கள் இன்னும் கொஞ்சம் எகிறும், அந்த இடைவெளி அதற்குத்தான். 24 பிட்டிலிருந்து 16 பிட்டுக்கு இறக்குவதாக இருந்தால் கடைசிப் படியில் ஒரே ஒரு தடவை டித்தர் என்ற மிக மெல்லிய இரைச்சலைப் போடுங்கள். கேட்டுப் பார்க்கும் வரிசை என்னுடையது இது: ஹெட்போன், போன் ஸ்பீக்கர், திரீவீலர், மோனோ பட்டன். கோயில் பாட்டு என்றால் முதலில் மோனோ பட்டன்.

பிரதிகளை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று இணையத்தில். நம் குளிருக்கும் ஈரத்துக்கும் சீடி வட்டில் பூஞ்சை பிடிக்கும், ஹார்ட் டிஸ்க் சொல்லாமல் போகும். எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் பாடிய கும்மிப் பாட்டுகள் ஒன்பதைப் பதிவு செய்து வைத்திருந்தோம். மிக்ஸ் இருந்த டிஸ்க் போய்விட்டது. யாரோ புளூடூத்தில் வாங்கி வைத்திருந்த 128 கேபிபிஎஸ் எம்பி3 மட்டும் ஒரு பழைய போனில் கிடைத்தது. கீழே மழைச் சத்தம், மேலே அவர் குரல். அதை நான் இன்னும் மாஸ்டர் செய்யவில்லை.